உங்களுக்குத் தெரியுமா? கண்ணீர் வடியும் பாதை

கண்ணின் மூக்கோர முனையில், மேல் இமையில் ஒன்றும் கீழ் இமையில் ஒன்றுமாகச் சிறு துளைகள் இருக்கின்றன. கண்ணாடி முன் நின்று கீழ் இமையை விரலால் லேசாக இழுத்துப் பார்த்தால் தெரியும். அகலம் சுமார் 0.3 மி.மீ.தான். கண்ணில் ஊறும் நீர் இந்தத் துளை வழியே நுண்குழாய்க்குள் புகுந்து, மூக்குத்தண்டின் ஓரத்தில் இருக்கும் கண்ணீர்ப் பையில் இறங்கும். அங்கிருந்து எலும்புக்குள் ஓடும் நாளம் வழியாக மூக்குக்கு வந்துவிடும். அழும்போது மூக்கு ஒழுகுவதும், கண்ணுக்கு மருந்து விட்ட சற்று நேரத்தில் தொண்டை கசப்பதும் இதனால்தான்.

*

கண்புரை ஆபரேஷனுக்குப் போனவர்கள் ஒரு கேள்வியைக் கேட்டிருப்பார்கள்: "தொண்டைக்குத் தண்ணி வருதாம்மா? உப்புக் கரிக்குதா?"

'டக்ட் டெஸ்ட்' என்று ஆஸ்பத்திரியில் சொல்வது இதைத்தான். கண்ணில் மரப்பு மருந்து ஒரு சொட்டு விடுவார்கள். சிறிய சிரிஞ்சில் உப்பு நீர் ஏற்றி, முனை மழுங்கிய வளைந்த ஊசியைக் கீழ் இமைத் துளைக்குள் செலுத்தி, மெதுவாக அழுத்துவார்கள். நோயாளி எச்சில் விழுங்கி "ஆமா, கரிக்குது" என்றால் பாதை திறந்திருக்கிறது. தண்ணீர் தொண்டைக்குப் போகாமல் மேல் இமைத் துளை வழியே திரும்பி வழிந்தால், அடைப்பு பெரும்பாலும் பைக்குக் கீழே இருக்கிறது. கூடவே சீழும் வந்தால், பைக்குள் கிருமி குடியேறிவிட்டது. ஊசி செலுத்துவதற்கு முன்பே, மூக்கோரத்தை விரலால் அழுத்திப் பார்க்கும் பழக்கமும் உண்டு. அழுத்திய உடனே துளையில் சீழ் எட்டிப் பார்த்தால் வேறு சோதனையே தேவையில்லை.

அப்படி இருந்தால் கண்புரை ஆபரேஷனை டாக்டர்கள் தள்ளிப்போடுவார்கள். "புரைக்கு வந்தா மூக்கைப் பார்க்கிறாங்க" என்று அலுத்துக்கொள்ளும் பெரியவர்கள் உண்டு. பையில் இருக்கும் கிருமி, ஆபரேஷனுக்காகத் திறந்த கண்ணுக்குள் போய்விட்டால் பார்வையே பறிபோகலாம். அந்த ஒரு சிரிஞ்ச் தண்ணீர் காப்பாற்றிய கண்கள் ஏராளம்.

*

ஐதராபாத் பஞ்சாரா ஹில்ஸில் இருக்கும் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்துக்குப் பெயர் கொடுத்தவர், தமிழ் ரசிகர்களுக்கு நன்றாகத் தெரிந்த சினிமாக்காரர். 1931இல் வந்த முதல் இந்திப் பேசும்படம் 'ஆலம் ஆரா', அதே ஆண்டு வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்', அடுத்த ஆண்டு வந்த தெலுங்கின் 'பக்த பிரகலாதா' என மூன்றிலும் நடித்தவர் அவர். பிறகு இயக்குநரானார். 1954இல் 'மனோகரா', 1955இல் 'மிஸ்ஸியம்மா'. கே. பாலசந்தர் இயக்கி, கமல்ஹாசன் நடித்து, 1981இல் இந்தித் திரையுலகையே அசைத்த 'ஏக் துஜே கே லியே' படத்தைத் தயாரித்ததும் அவரே. சென்னையின் பிரசாத் ஸ்டுடியோ அவர் கட்டியது. 1982க்கான தாதாசாகேப் பால்கே விருதும் அவரைத் தேடி வந்தது.

அமெரிக்காவின் ராச்செஸ்டரில் கண் மருத்துவராக இருந்த குள்ளப்பள்ளி நாகேஸ்வர ராவ், ஊர் திரும்பி ஒரு கண் மருத்துவ நிறுவனம் தொடங்க நினைத்தபோது, பணமும் நிலமும் கொடுத்து முன்னால் நின்றவர் பிரசாத். 1987இல் தொடங்கிய அந்த நிறுவனம், காசில்லாதவர்களுக்கு இலவசமாகவும் சிகிச்சை தருகிறது. 'மனோகரா'வில் கண்ணாம்பாவையும் சிவாஜியையும் வைத்துத் தமிழ்நாட்டையே அழவைத்தவரின் பெயரில் இருக்கும் இடத்தில்தான், கண்ணீர் வடியும் பாதையை மட்டும் பார்ப்பதற்கென்றே கோவிந்த்ராம் செக்சாரியா பெயரில் ஒரு தனிப் பிரிவு நடக்கிறது. அதை நடத்தும் டாக்டர் முகமது ஜாவேத் அலி, இந்தத் துறையில் உலகம் முழுவதும் படிக்கப்படும் நூல்களை எழுதியவர்.

கண் மருத்துவத்தில் விழித்திரைக்கும் கருவிழிக்கும் இருக்கும் மதிப்பு இந்தப் பாதைக்கு இருந்ததில்லை. இது உயிர் போகும் நோயில்லை, பெரும்பாலும் பார்வை போகும் நோயுமில்லை. ஆனால் வாசலில் நின்று பேசும்போதும் சாமி கும்பிடும்போதும் புத்தகம் படிக்கும்போதும் முந்தானையாலோ கைக்குட்டையாலோ கண்ணைத் துடைத்துக்கொண்டே இருப்பவர்களைக் கேட்டால் தெரியும், அது எத்தனை பெரிய தொல்லை என்று. "ஏன் அழுறீங்க?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே சலித்துப்போனவர்கள் அவர்கள்.

*

பெரியவர்களுக்கு வரும் நாள அடைப்பு, 40 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே அதிகம். அவர்களுடைய எலும்புக் குழாய் ஆண்களுடையதைவிடக் குறுகலாக இருப்பது ஒரு காரணம் என்கிறார்கள். ஹார்மோன் மாற்றங்களுக்கும் பங்கு உண்டா என்ற ஆராய்ச்சி நடக்கிறது.

*

அடைத்த நாளத்தைக் குத்தித் திறப்பது பெரியவர்களிடம் பலிப்பதில்லை. அதனால் அதை அப்படியே விட்டுவிட்டு, கண்ணீர்ப் பையிலிருந்து மூக்குக்குள் நேராக ஒரு புதுவழி திறப்பதுதான் சிகிச்சை. 'டிசிஆர்' என்று டாக்டர்கள் எழுதித் தருவது அதைத்தான். இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்து அத்தியோ தோத்தி, மூக்கோரத் தோலை வெட்டி இந்த அறுவையை 1904இல் செய்து காட்டினார்.

அதற்கும் முன்னால், 1893இலேயே, அமெரிக்காவின் கால்ட்வெல் மூக்கின் உள்வழியாக முயன்று பார்த்துவிட்டார். வழி சரிதான். உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. குறுகிய இடம், ரத்தம், இருட்டு. எனவே ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் தோலை வெட்டுவதே நடைமுறையாக இருந்தது. ஹெரால்டு ஹாப்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர் கண்ணாடித் தண்டுகளை வரிசையாக அடுக்கி உருவாக்கிய எண்டோஸ்கோப்புதான் நிலைமையை மாற்றியது. அதைக் கொண்டு மூக்குவழி டிசிஆர் செய்த அனுபவத்தை 1989இல் மெக்டொனோ, மெய்ரிங் என்ற டாக்டர்கள் எழுதினார்கள். முகத்தில் தழும்பு இல்லை என்பது இதன் பெரிய வசதி. கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணுக்கும் அவளைப் பெற்றவர்களுக்கும் அது சின்ன விஷயம் இல்லை.

*

கண்ணீர்ப் பை மூக்குக்குள் எந்த இடத்துக்கு நேராக இருக்கிறது? பல காலம் இதைத் தவறாகவே நினைத்திருந்தார்கள். மூக்கின் பக்கச் சுவரில் நடு மடிப்பு ஒன்று தொங்குகிறது. அது சுவரோடு சேரும் இடத்துக்குக் கீழேதான் பை என்று எண்ணி, அங்கே எலும்பை எடுத்தார்கள். அறுவை மருத்துவர் பி.ஜே. வோர்மால்டும் சகாக்களும் 2000ஆம் ஆண்டு வாக்கில், பைக்குள் சாயம் செலுத்தி ஸ்கேன் எடுத்து அளந்தார்கள். பையின் பெரும்பகுதி அந்த இடத்துக்கு மேலே, 8 மி.மீ.க்கும் அதிகமாக நீண்டிருந்தது.

அப்படியானால் அதுவரை பலருக்கும் பையின் கீழ்ப்பாதியை மட்டும் திறந்திருக்கிறார்கள். மேல்பாதியை மறைக்கும் கெட்டி எலும்பைச் சாதாரண இடுக்கியால் எடுக்க முடியாது. வோர்மால்ட் அதற்குச் சுழலும் வைரத்தூள் முனையைப் பயன்படுத்தினார். பை முழுவதையும் மேலிருந்து கீழ்வரை திறந்து, அதன் உள்தோலை மடித்து மூக்கின் உள்தோலோடு பொருத்தி வைக்கும் முறையை 2002இல் வெளியிட்டார். அதன்பிறகு மூக்குவழி அறுவையின் வெற்றி, தோலை வெட்டிச் செய்யும் பழைய அறுவைக்கு இணையாக வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் வோர்மால்டிடம் அறுவை செய்துகொண்டவர்களின் நீண்டகால நிலையை ஆராய்ந்து அவரும் ஜாவேத் அலியும் சேர்ந்து 2014இல் எழுதிய கட்டுரை, நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பாதை திறந்தே இருந்ததைக் காட்டியது. கருவி மாறியதை எல்லோரும் பாராட்டுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, பை இருக்கும் இடத்தை யாரோ ஒருவர் மறுபடி அளந்து பார்த்தார் என்பதுதான்.

*

இது நாம் போட்ட வழி என்று உடம்புக்குத் தெரியாது. எலும்பில் போட்ட துளையைக் காயம் என்றே எடுத்துக்கொண்டு ஆற்றப் பார்க்கும். குத்திய காதில் தோடு போடாமல் விட்டால் தூர்ந்துபோகிறதே, அதேபோல. அறுவை முடிந்த அன்று பெரிதாகத் தெரியும் திறப்பு பிறகு சுருங்கும். பெரும்பகுதிச் சுருக்கம் முதல் 4 வாரங்களுக்குள்ளேயே நடந்துவிடுகிறது, அதன்பின் வேகம் மிகவும் குறைந்துவிடுகிறது என்பது இதை அளந்தவர்கள் கண்டது. முதல் சில மாதங்களைத் தாண்டிவிட்ட திறப்பு, ஆண்டுக்கணக்கில் நிலைக்க வாய்ப்பு அதிகம்.

அதனால்தான் "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது" என்ற சொல்லை இந்த விஷயத்தில் அன்றைக்கே சொல்லிவிட முடியாது. ஒரு மாதம், மூன்று மாதம், ஓராண்டு கழித்து எண்டோஸ்கோப்பை மறுபடி மூக்குக்குள் விட்டுத் திறப்பைப் பார்க்க வேண்டும். 'திறந்திருக்கிறது', 'மூடிவிட்டது' என்று மட்டும் எழுதிவந்த பழக்கத்தை மாற்ற, ஜாவேத் அலி, ஆல்கிஸ் சால்டிஸ், வோர்மால்ட் மூவரும் 2014இல் ஒரு மதிப்பெண் முறை வகுத்தார்கள். திறப்பின் இடம், வடிவம், அளவு, தழும்பு, ஒட்டுகள் எனப் பத்து அம்சங்கள். மொத்தம் 40 மதிப்பெண். ஐதராபாத்தில் ஒருவர் பார்த்ததை ஆஸ்திரேலியாவில் இன்னொருவர் புரிந்துகொள்ள இது உதவுகிறது.

*

திறப்பு பளிச்சென்று திறந்திருக்கும், சிரிஞ்சில் விட்ட தண்ணீரும் தடையில்லாமல் மூக்குக்கு வரும், ஆனாலும் கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருக்கும். இப்படியும் சிலருக்கு நேர்கிறது. சிரிஞ்ச் தரும் அழுத்தம் கண்ணீருக்குக் கிடையாது. இமை சிமிட்டும்போது உண்டாகும் உறிஞ்சலில்தான் அது உள்ளே போகிறது. இமை தளர்ந்திருந்தாலோ முக நரம்பு பலவீனப்பட்டிருந்தாலோ அந்த உறிஞ்சல் போதாது.

இதைச் சோதிக்கும் விதம் அழகானது. கண்ணில் மஞ்சள் நிறச் சாயம் ஒரு சொட்டு விட்டுவிட்டு, எண்டோஸ்கோப்பை மூக்குக்குள் வைத்துக் காத்திருப்பார்கள். நோயாளி சும்மா கண் சிமிட்டிக்கொண்டிருப்பார். நீல விளக்கில், ஈரமான சுவரின் நடுவே அந்தத் திறப்பிலிருந்து பச்சையாக ஒளிரும் ஒரு கீற்று கசிந்து இறங்கும். சில விநாடிகளில் வந்துவிட்டால் பாதை திறந்திருப்பதோடு வேலையும் செய்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் 'அமைப்பு வெற்றி', 'செயல் வெற்றி' என இரண்டு விழுக்காடுகள் தனித்தனியே கொடுக்கப்படுவது இதனால்தான். இரண்டாவது பெரும்பாலும் சற்றுக் குறைவாகவே இருக்கும். நோயாளிக்குத் தேவை இரண்டாவதுதான்.

*

லேசர் என்றால் மேல் என்று நினைக்கிறோம். 1990களில் லேசரால் எலும்பைச் சுட்டுத் திறக்கும் டிசிஆர் ஆரவாரத்தோடு வந்தது. திறப்பு சிறிது, சூட்டினால் தழும்பு அதிகம். நாளாக நாளாக மூடிக்கொண்டன. இன்று மூக்குவழி அறுவையில் சுழல்முனைக்கும் எலும்புக் கவ்விக்கும் அது வழிவிட்டுவிட்டது.

*

மைட்டோமைசின்-சி என்பது 1950களில் ஜப்பானில் மண்ணுயிரி ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து. புற்றுநோய்க்குத் தருவது. செல்கள் பெருகுவதை அது தடுப்பதால், டிசிஆர் திறப்பில் தடவினால் தழும்பு குறையுமே என்று 1990களில் யோசித்தார்கள். எவ்வளவு, எத்தனை நிமிடம் என்பதில் ஆளுக்கு ஒரு கணக்கு இருந்தது. அதிகமானால் நல்ல திசுவும் சாகும். ஐதராபாத் குழு மனித மூக்குத் தோலின் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, வெவ்வேறு அளவில் சோதித்து 2013இல் ஒரு விடை சொன்னது: ஒரு மி.லி.க்கு 0.2 மில்லிகிராம், 3 நிமிடம். அந்த அளவு செல்களைக் கொல்லாமல் அவற்றின் பெருக்கத்தை மட்டும் அடக்கியது. பிறகு அதைத் திறப்பைச் சுற்றி ஊசியாகப் போடும் முறையையும் அங்கே முயன்றார்கள். எல்லோருக்கும் இந்த மருந்து தேவை இல்லை. ஒருமுறை தோற்று மறுபடி அறுவைக்கு வருபவர்களுக்குத்தான் இதன் பயன் அதிகம்.

*

திறப்பு மூடாமல் இருக்க மெல்லிய சிலிக்கோன் குழாய் வைப்பார்கள். கண் முனையில் ஒரு சிறு வளையம் மட்டும் தெரியும். சில வாரங்களில் எடுத்துவிடுவார்கள். சாதாரண நாள அடைப்பில் குழாய் வைத்தவருக்கும் வைக்காதவருக்கும் முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை என்றே பல ஒப்பீடுகள் சொல்கின்றன. நுண்குழாயிலும் குறுகல் இருந்தால் கதை வேறு.

*

மூக்கோரம் சிவந்து, எலுமிச்சை அளவு வீங்கி, வலி தாங்காமல் வருபவர்களுக்கு முன்பெல்லாம் ஆன்டிபயாடிக் கொடுத்து, வீக்கம் வடிந்து, சில வாரம் கழித்துத்தான் தோலை வெட்டிச் செய்வார்கள். மூக்குவழி என்றால் சீழ்க் கட்டி இருக்கும்போதே செய்துவிடலாம். சீழும் மூக்குக்குள்ளேயே வடிந்துவிடும். தோலில் கீறி விடுவதால் முகத்தில் நிரந்தர ஓட்டை விழும் ஆபத்தும் இல்லை.

*

வயதானவர், ஏழை, கண்புரை ஆபரேஷன் அவசரம். இப்படிப்பட்டவர்களுக்குப் புதுவழி திறக்காமல் கண்ணீர்ப் பையையே அறுத்து எடுத்துவிடுவது நம் நாட்டில் நெடுங்காலம் நடந்தது. இன்றும் நடக்கிறது. பை போனால் சீழ் போகும், புரையை எடுத்துவிடலாம். ஆனால் கண்ணீர் போக இடமில்லை, மிச்ச வாழ்நாள் முழுவதும் வழியும். உடல்நிலை தாங்காதவருக்கு அது சரியான முடிவாக இருக்கலாம். "வயசாயிடுச்சு, இது போதும்" என்று யாரோ ஒருவர் தீர்மானித்துவிடுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. எழுபது வயதுக்காரருக்கும் முகம் ஈரமில்லாமல், சுத்தமாக இருக்க வேண்டும் என்ற ஆசை இருக்கும்.

*

கதிரடிக்கும் களத்தில் நெல்சுணை பட்டுக் கருவிழியில் கீறல் விழுவது கிராமத்தில் சகஜம். பலருக்கு அது தானே ஆறிவிடும். கண்ணீர்ப் பையில் நாள்பட்ட சீழ் இருப்பவருக்கு, அதே கீறல் வேகமாகப் பரவும் புண்ணாகிப் பார்வையைப் பறிக்கலாம். சீழில் வாழும் நிமோகாக்கஸ் கிருமி கீறலுக்காகக் காத்திருக்கிறது.

*

கண்ணீரோடு ரத்தம் கலந்து வருகிறதா? மூக்கோரம் மெத்தென்று வீங்கியிருக்கிறதா? குளத்திலும் கண்மாயிலும் குளித்து வளர்ந்தவரா? தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் டாக்டர்கள் உடனே நினைப்பது ரைனோஸ்போரிடியோசிஸ். தேங்கிய நீரிலிருந்து வருவதாகக் கருதப்படும் இந்த நோய், மூக்கில் ஸ்ட்ராபெர்ரிப் பழம் போன்ற சதையாக வளரும். சிலருக்குக் கண்ணீர்ப் பைக்குள்ளும். இதைக் காளான் என்றே நூற்றாண்டாக எழுதிவந்தார்கள். மரபணுவைப் பார்த்தபோது, மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணிகளின் உறவுக்கூட்டம் என்று தெரிந்தது. இது தெரியாமல் வழக்கமான டிசிஆர் செய்து பையைக் கிழித்துவிட்டால், நுண்வித்துகள் சிதறி மறுபடி முளைக்கும், சில சமயம் ஆண்டுகள் கழித்து. சதையைச் சிதறாமல் முழுதாக எடுத்து, அடியைச் சுட்டுவிட வேண்டும். இவர்களை நெடுங்காலம் கண்காணிப்பது கட்டாயம்.

*

பிறந்த குழந்தையின் கண்ணில் பீளை கட்டினால் பாட்டிமார் தாய்ப்பாலைப் பீச்சிவிடச் சொல்வார்கள். அன்பில் சொல்வதுதான், ஆனாலும் வேண்டாம். பெரும்பாலும் அது நாளத்தின் கீழ்முனையில் மெல்லிய சவ்வு திறக்காமல் இருப்பதால் வருவது. கண்ணின் உள்முனையில் சுண்டுவிரலை வைத்து, மூக்கோரமாகக் கீழ்நோக்கி அழுத்தி நீவினால் போதும். 1923இல் கிரிக்லர் என்ற அமெரிக்க டாக்டர் எழுதிவைத்த முறை. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஓராண்டுக்குள் சரியாகிவிடும். ஆகாவிட்டால் மெல்லிய கம்பியால் ஒருமுறை திறந்துவிடுவார்கள்.

*

கண்ணில் நீர் வழிந்தாலே அடைப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். கண் வறண்டாலும் உறுத்தலில் நீர் கொட்டும். அதற்கு டிசிஆர் செய்தால் வறட்சி இன்னும் கூடும்.

*

கண் அழுத்த நோய்க்கு டிமோலால் சொட்டு மருந்து போடுகிறவர்கள் இந்தப் பாதையை நினைவில் வைக்க வேண்டும். மருந்து நாளம் வழியே மூக்குக்குள் போய் ரத்தத்தில் கலந்துவிடும். ஆஸ்துமா இருப்பவருக்கு மூச்சுத்திணறல் வரலாம். சொட்டு விட்டவுடன் கண்ணை மூடி, உள்முனையை விரலால் ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு சொட்டே கண் கொள்ளும் அளவைவிட அதிகம் என்பதால் இரண்டாவது சொட்டு வீண்.

*

நீண்டகால முடிவுகளை எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு. நீர் வழிவது நின்றுவிட்டவர் ஊருக்குப் போய்விடுவார், திரும்பி வரமாட்டார். மறுபடி வழிகிறவர்களில் சிலர் நம்பிக்கை இழந்து வேறு டாக்டரிடம் போய்விடுவார்கள். ஆகவே ஐந்தாவது ஆண்டில் வந்து நிற்பவர்களை மட்டும் எண்ணிப் போடும் கணக்கு முழுக்கணக்கு ஆகாது. ஒரு ஆராய்ச்சியைப் படிக்கும்போது வெற்றி விழுக்காட்டைப் பார்ப்பதற்கு முன், எத்தனை பேரைக் கடைசிவரை பார்த்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

அறுவை செய்துகொண்டவர் செய்யக்கூடியது: முதல் வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, சொன்ன நாளில் போய் மூக்கைக் காட்ட வேண்டும், டிஸ்சார்ஜ் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். எந்தப் பக்கம், எந்த வழி, குழாய் வைத்தார்களா, எப்போது எடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆண்டுகள் கழித்து மறுபடி நீர் வழிந்தால், திறப்பில் தழும்பா, ஒட்டா, பையின் அடியில் தேக்கமா என்று எண்டோஸ்கோப்பில் பார்த்துச் சொல்லிவிடலாம். மறு அறுவைக்கும் நல்ல பலன் உண்டு. அந்தக் காகிதம் கையில் இருந்தால் அந்த டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.